விசில் கேட்டால் நேராக நடக்க வேண்டும்

உங்கள் பொலிஸ் ஸ்டேஷன் பிளேன்டீ நன்றாக இருக்கிறது சேர். இஞ்சி தட்டிப் போட்டது யாரோ, கைப்பக்குவம் தெரிந்தவர். பள்ளிக்கூட வாசலில் எடுத்த அந்தக் கேமரா வீடியோவை நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டியிருக்கவே தேவையில்லை. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

அலுவிகாரை தாண்டி, பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே என் டயர் கடை. தம்புள்ளப் பக்கமிருந்து வருகிற தனியார் பஸ்கள் காலையில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். முன்னுக்கு வருகிறவனுக்குத்தானே சனம். பள்ளிக்கூடமாவது கோயிலாவது, அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். பெற்றோர் சங்கத்தில் கூடிப் பேசி, ஆளுக்கொரு நாள் வீதியில் நின்று பிள்ளைகளைப் பத்திரமாகக் கடக்கவைப்பதென்று முடிவெடுத்தோம். முதல் கிழமை எல்லோரும் வந்தார்கள். பிறகு ஒருவருக்கு மூட்டுவலி, இன்னொருவருக்கு மச்சான் வீட்டுக் கல்யாணம். கடைசியில் மினுங்குகிற சட்டையும் விசிலும் என்னோடேயே தங்கிவிட்டன. நானும் மனம் சலிக்காமல் நின்றேன், மழையிலும் நின்றேன்.

பிள்ளைகளை நன்றாகப் பழக்கினேன். வண்டியைப் பார்த்துப் பயந்து, பாதியில் திரும்பி ஓடுகிற பிள்ளைதான் அடிபடும். அதனால், வீதியைப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள், விசில் கேட்டால் நேராக நடங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். நல்லம்மா என்று ஒருத்தி, எல்கடுவ தோட்ட லயத்திலிருந்து வந்து இங்கே மிளகாய் அரைக்கிற மில்லில் வேலை செய்கிறாள். தன் மகன் நிதுஷனை என்னிடம் விட்டுவிட்டுப் போகும்போதெல்லாம், மாமா சொல்கிறபடி கேள் என்று அவனுக்குச் சொல்லாமல் போகமாட்டாள். அவனும் கேட்பான். தங்கமான பிள்ளை.

நாங்கள் கேட்டதெல்லாம் ஒரு வேகத்தடை, ஒரு மஞ்சள் கோடு, ஒரு சிக்னல் விளக்கு. அதற்காக நான் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. இங்கே போனால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் பெரியவர் மீட்டிங்கில் என்பார்கள். கடைசியில் ஒரு பெரியவர் என்னை உட்காரவைத்து மரியாதையாகவே பேசினார். அவர் சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் சொல்கிறேன்.

“அந்த எடத்துல இதுவரைக்கும் யாராவது செத்திருக்காங்களா?”

“இல்லைங்க சேர்.”

“அப்ப ஏன் இப்பிடிப் பதறுறீங்க?”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வழியைக் காட்டியவர்மேல் கோபப்படலாமா? கண் கெட்ட பிறகுதான் சூரிய நமஸ்காரம் என்றால், முதலில் யாராவது கண்ணைக் கெடுத்துத்தானே ஆக வேண்டும். வேறு யாரும் முன்வருகிற மாதிரித் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை வளைவில் இரண்டு பஸ்கள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வந்தன. வழக்கமாக நான் கையை விரித்துப் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவேன். அன்றைக்கு விசிலை ஊதினேன். ஹோர்ன் சத்தம் கேட்டதும் சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நிதுஷன் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் பழக்கியபடி நேராக நடந்தான்.

ஒரு கால் முறிந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன் சேர். பஸ் அவ்வளவு வேகமாக வந்தது என் குற்றமா? பஸ்ஸைக் கண்ட பிறகுதான் இந்த ஆள் விசில் ஊதினார் என்று டிரைவர் அப்போதே சொன்னார். உண்மையைத்தான் சொன்னார், பாவம். ஆனால் ரேஸ் ஓடுகிறவன் சொல்வதை யார் நம்புவார்கள்? இத்தனை நாள் அவர் உள்ளே இருந்ததில் எனக்கு வருத்தம்தான். இனியாவது மெதுவாக ஓட்டுவார்.

செத்த வீட்டில் நல்லம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “விசில் ஊதியும் நிப்பாட்டாம வந்துட்டானே பாவி. நீங்க என்னண்ணே செய்வீங்க” என்றாள். நான் அழுதேன். நடிப்பு இல்லை, உண்மையாகவே அழுதேன். அவளுடைய சின்ன மகளும் இப்போது அந்த வழியால்தான் போகிறாள், எவ்வளவு பாதுகாப்பாகப் போகிறாள் பாருங்கள்.

ஏனென்றால், துக்கத்துக்கு வீதியில் கட்டிய வெள்ளைக்கொடிகளை அவிழ்க்கும் முன்பே தார் வண்டி வந்துவிட்டது. வேகத்தடை வந்தது, கோடு வந்தது, பிறகு விளக்கும் வந்தது. திறப்புவிழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன், விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட விழவில்லை. அதை நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் எந்தப் பிள்ளையையும் குறிவைக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் எனக்கு ஒன்றுதான். யார் முதலில் காலெடுத்து வைக்கிறார்களோ அவர்கள், அவ்வளவுதான். அதில் ஓரவஞ்சனை இல்லை.

என் மகளா? ஆமாம், விஜிதாவும் அங்கேதான் படிக்கிறாள். அன்றைக்கு அவள் வரவில்லை சேர், காய்ச்சல். காய்ச்சல் இருந்தது அவளுக்கே தெரியாது. காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, நான்தான் சொன்னேன்.