ஐந்து சதவீத அயோடின்

நான் வீட்டில் பினாயிலைக்கூட அளந்துதான் ஊற்றுவேன். என் மனைவி பாகீரதி சிரிப்பாள். எங்கள் கண் மருத்துவமனையில் யாரும் சிரித்ததில்லை. கிருமிநீக்கப் பயிற்சிக்கு இருபது வருடமாக இந்த வெங்கடகிருஷ்ணன்தான். நான் பலகையில் எழுதுவதைப் போனில் படம் எடுத்துக்கொள்வார்கள்.

உட்காரச் சொல்லாதீர்கள், நடந்துகொண்டே சொல்கிறேன்.

அறுவைக்கு முன் கண்ணில் விடும் அயோடின் கரைசல் பத்து சதவீதமாக வரும். அதை ஐந்தாக்க வேண்டும். அன்று பலகையில் எழுதினேன்: கரைசல் நூறு மில்லி, தண்ணீர் இருநூறு மில்லி. பின்வரிசையில் ஜோசஃபின் எழுந்தாள். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வரும் நர்ஸ்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். இருநூறுங்கறது மொத்தம். தண்ணி நூறுதான். நீங்க எழுதுனாப்ல ஊத்துனா மூணு சொச்சத்துக்கு எறங்கிடும்."

வாசலில் நின்ற டாக்டர் நாகேஷ், "ஏன் ஸ்வாமி, வீட்டுல டிகாக்‌ஷனுக்கும் இதே கணக்கா?" என்றார். பதினெட்டுப் பேர் சிரித்தார்கள். எண்ணினேன்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கலக்கும் பொறுப்பை ஜோசஃபினிடம் கொடுத்தார்கள். பாட்டிலில் அவள் பெயர், அவள் கையெழுத்து. ஒரு வாரம் பொறுத்தேன். செவ்வாய்க்கிழமை, இலவச முகாம் நோயாளிகளுக்கென்று வைத்திருந்த பாட்டிலில் ஐம்பது மில்லியை மட்டும் விட்டுவைத்து, மொத்தம் ஐந்நூறு வரும்வரை தண்ணீர் சேர்த்தேன். அரை சதவீதம். நிறம் வெளுக்காமலும் பார்த்துக்கொண்டேன்.

ஒன்றிரண்டு கண் சிவக்கும், அவள் கணக்கை யாராவது கேள்வி கேட்பார்கள். அவ்வளவுதான் எதிர்பார்த்தேன். ஆறு கண்கள் போயின. லட்சுமம்மா என்ற நோயாளி, கட்டைப் பிரித்த பிறகும், எப்போது பிரிப்பீர்கள் என்று கேட்டாராம். வருத்தம்தான். வயதானவர்களுக்குக் கிருமி சீக்கிரம் பற்றும்.

ஜோசஃபினைப் போலீஸ் அழைத்துப்போனபோது நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கவும் மாட்டேன். நேற்று உங்கள் விசாரணைக் குழுவின் வரைவு அறிக்கையைப் படித்தேன். பயிற்சியாளர் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார், நர்ஸ் அப்படியே தப்பாகக் கலந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். சாட்சிக்குப் பலகையின் படம் வேறு.

அது உண்மையல்ல. அவள் கலந்தது சுத்தமான ஐந்து. அதை அரையாக்கியது நான், ஒரு சொட்டு கூடாமல் குறையாமல். அவளை விட்டுவிடுங்கள். ஆறு கண்களையும் என் பெயரில் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். 'கணக்குப் பிழை' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.