கடப்பாக்கம் ரேட்டிங்

– முஜீப் அண்ணா, நில்லுங்க! செஸ்ல ஜெயிச்சிட்டு இப்படிப் பையைத் தூக்கிகினு ஓடுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்.

– வுடு சிநேகா. கடப்பாக்கம் பஸ்ஸு பூடும்.

– சாப்பாட்டுக்கு அப்புறம் அடுத்த ரவுண்டு இருக்கே!

– வேணாம் கண்ணு. உன்ன ஜெயிச்சதே அல்லா குடுத்தது. ரேட்டிங்குல நீ ஆயிரத்தி எழுநூறு, நான் எண்ணூத்தி நாப்பது. உன் பாயிண்ட வேற புடுங்கிட்டேன், பேஜாரா கீது.

– எனக்கு ஒண்ணும் போகல. ரேட்டிங் இல்லாதவங்ககிட்ட தோத்தா என் கணக்குல சேராது. ஆமா, உங்களுக்கு ஏது எண்ணூத்தி நாப்பது?

– எங்க கிளப்புல போட்டதும்மா. ஐஸ் கம்பெனி வாசல்ல எட்டு பேரு ஆடுறோம். எல்லாருக்கும் ஆயிரத்தி எரநூறுல ஆரம்பிச்சோம். தோத்தவன் ஜெயிச்சவனுக்குப் பாயிண்டு குடுக்கணும். குடுத்துக் குடுத்தே நான் தேஞ்சி பூட்டேன். எட்டாவது ஆளு.

– வெளியூர்க்காரங்களோட ஆடியிருக்கீங்களா?

– ஊஹும். எங்களுக்குள்ளயேதான்.

– அட போங்கண்ணா! அந்த நம்பர் உங்க எட்டு பேர்ல யாரு மேல, யாரு கீழன்னுதான் சொல்லும். இங்க செல்லாது. ஊர்ல எல்லாரும் ஆறடின்னா, அஞ்சே முக்கால் அடி ஆளு குட்டைதானே?

– சும்மா தேத்தாத.

– என் குதிரைய மூலையில மடக்கினீங்களே, அப்ப எனக்கு வேர்த்து ஊத்திச்சி. உங்களத் தேத்துறதுக்கா தோத்தேன்?

– இன்னா சொல்றதுன்னா… நெசமான நம்பரு ஒண்ணு வாங்கணும்னு ஆசைதான். அத்த நெனச்சிதான் மகாபலிபுரத்துக்கே வந்தேன். ஆனா பயமா கீது. இந்த ஒரு ஜெயிப்போட போனா மானம் மிஞ்சும். இன்னும் ஆடித் தோத்தா எங்க கிளப்பு பெஞ்சமின் சிரிச்சே சாவடிப்பான்.

– இப்ப ஓடினா நம்பரே வராது. ரேட்டிங் இருக்கிறவங்களோட அஞ்சு ஆட்டமாச்சும் ஆடணும். ஒண்ணு ஜெயிச்சாச்சு. மிச்சத்துல தோத்தாலும் நம்பர் வரும்.

– தோத்தாலுமா?

– தோத்தாலும்தான். கொஞ்சம் கம்மியா வரும், அவ்வளவுதான்.

– அப்ப இந்தா, பைய நீயே வெச்சிக்க. பஸ்ஸு போனா போவட்டும்!

– அப்படிச் சொல்லுங்க! கடைசி ஆளு நீங்கன்னா, உங்க கிளப்புல முதல் ஆளு யாருண்ணா?

– எங்க வூட்டுக்காரி ராபியாதான். ஆயிரத்தி அறுநூறு.

– ஐயையோ, அவங்களையும் கூட்டினு வந்திருக்கலாமே!

– வந்துகீறாளே. அதோ பாரு, கேட்டாண்ட சோத்துத் தூக்கோட. போர்டுல உங்க எல்லார் பேருக்கு நேரா ஆயிரத்தி எழுநூறு, ஆயிரத்தி எண்ணூறுன்னு பாத்துட்டு, "எனக்கு நம்பரு பத்தாது"ன்னு பேரே குடுக்கல.