மாமரத்துக் காக்காவும் எள்ளு சாதமும்

கல்லா? யாரு சொன்னது கல்லுன்னு? ரெண்டாவது மாடி ஸ்ரீவத்சன் சாரா? அவுரு வாயத் தொறந்தாலே குப்பத்துப் பையன் கல்லடிச்சான்தான். ஹம்சினிக்கா, உங்கப்பா மேல நான் கை வெக்கல. கொத்துனது காக்கா. உள்ள தையல் போடுற டாக்டரையே கேளு. கண்ணுக்கு ஒரு வெரல் மேல பட்டுகீது. கொஞ்சம் எறங்கியிருந்தா கண்ணே போயிருக்கும்.

நம்ம அபார்ட்மெண்ட் மொட்ட மாடில மாமரக் கொம்பு சாஞ்சிக்கினு கீதுல்ல? அதுல கூடு கட்டி, குஞ்சு பொரிச்சி வெச்சிகீது. உங்கப்பாவுக்கு அண்ணாந்து பாக்குற பழக்கமே கெடையாது. கரெக்டா கூட்டுக்குக் கீழ, அந்தக் கைப்பிடிச் சுவுத்துல தட்ட வெச்சி, டெய்லி சோறு போட்டு, கா கான்னு கூப்புடுறாரு. குஞ்சு வெச்சிருக்கிறது சும்மா வுடுமா? வந்து மண்டைல ஒண்ணு போட்டுச்சு.

அதோட வுட்டாரா? காக்கா தலைல தட்டுனா சனி தோஷம்னு எவனோ ஜோசியன் சொன்னானாம். மறுநாளே எள்ளு சாதத்தத் தூக்கிக்கினு அதே எடத்துக்குப் போறாரு. திருப்பி ஒண்ணு. உடனே டபுள் எள்ளு! இந்தாளு குஞ்சத் தூக்கத்தான் வரான்னு அது ஆள் சேத்துக்கினு வந்துச்சு. இன்னிக்கு நாலு காக்கா.

சிரிக்காதக்கா, எனக்கு எரியுது.

எனக்கு எப்டித் தெரியுமா? மோட்டார் போட்டுட்டு டேங்க் பாக்க நான்தான டெய்லி மேல போறேன். ஹெல்மெட் மாட்டிக்கினு. ஆமா, மொத நாள்லேர்ந்தே தெரியும். சொல்லப் போனேன்க்கா. சார், அந்தத் தட்டுன்னு ஆரம்பிச்சேன், அவ்ளோதான். டென்த் தாண்டாதவன் எனக்கு சாஸ்திரம் சொல்றியாடான்னாரு, லிஃப்டாண்ட எல்லாரும் நிக்கசொல்ல. தாண்டலதான். அதுக்கு? அண்ணாந்து பாக்க டென்த் வேணுமா?

இரு, உள்ள போவாத. உங்கம்மா பாம்பேலேர்ந்து வந்தா எப்டியும் கேப்பாங்க, நானே சொல்லிடறேன். ஊருக்குப் போன அன்னிக்கு, ஆட்டோல ஏறும்போது என்னக் கூப்ட்டாங்க. செபஸ்தியா, மாமரத்துல கூடு இருக்குடா, மாமா நான் சொன்னா கேக்க மாட்டார், தட்டு எங்க இருக்கோ அங்கதான் சாதம் வெப்பார், நீ அதை அந்தண்டை சுவத்துக்கு மாத்தி வெச்சுடு, மறந்துடாதேன்னாங்க.

மறக்கலக்கா. தெனமும் காத்தால ஹெல்மெட்ட மாட்டிக்கினு, அந்தத் தட்டத் தாண்டித்தான் போனேன்.