ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒரு போத்தல்

பியருக்குச் சீனி அதிகம் தேவையில்லை, தங்கச்சி. போத்தலுக்கு ஒரு சின்னக் கரண்டி, அதுவும் தலைதட்டி. நீங்கள் இப்போது எனக்குப் போட்டுத் தந்த தேநீரில் இதைவிடக் கூட இருக்கிறது. மூடிய போத்தலுக்குள் ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று காற்றை உண்டாக்கும். பியரில் நுரை வருவது அப்படித்தான்.

கதவைச் சாத்திவிட்டு இருங்கள். உங்கள் மனுசன் முன்னறையில் நித்திரை. நேற்று மிறபெல் விமான நிலையத்தில் உங்கள் முகத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்த களைப்பு அவருக்கு. எனக்கும் களைப்புத்தான். ஆனால் மத்தியானம் நீங்கள் சொன்ன ஒரு சொல்லுக்குப் பிறகு என்னால் படுக்க முடியவில்லை.

எண்பத்தாறு பனிக்காலத்தில், அகதியாக வந்த புதிதில், இந்த வில்லரேப் பகுதியில் இந்த மேல்வீட்டை நானும் உங்கள் வலன்ரைனும் வாடகைக்கு எடுத்தோம். நான் திருகோணமலை, அவர் மன்னார். சென்ட் லோரன்டில் ஒரே தொழிற்சாலையில் பெட்டி கட்டினோம். கீழ்வீட்டு இத்தாலியர் வருடாவருடம் வைன் போடுவார். அதைப் பார்த்துத்தான் வலன்ரைனுக்கு ஆசை பிடித்தது.

“அண்ணை, நாங்கள் பியர் போடுவம். தகரத்துக்குள்ள எல்லாம் பாகாக் கிடக்காம். தண்ணியும் சீனியும் விட்டாச் சரியாம்.”

“உமக்குத் தேத்தண்ணியே ஒழுங்காப் போடத் தெரியாது.”

“அதுதான் உங்களைக் கூட்டுச் சேர்க்கிறன்.”

ஜான்-டலோன் சந்தைப் பக்கம் போய் அந்தத் தகரத்தை அவரே வாங்கி வந்தார். அன்று நல்ல பனிப்புயல். கதவைத் திறந்தேன். தலை முதல் கழுத்து வரை கம்பளி முகமூடி. கண் இரண்டும் மட்டும் வெளியே. “கிடைச்சதோ?” என்று கேட்டேன். வாய் விறைத்துப் போயிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினார். ஒரே ஒருமுறை, மெதுவாக, இடப்பக்கம் சரிந்து.

என் தம்பி குலேந்திரனைப் பற்றி அவர் உங்களுக்கு எழுதியிருப்பார். எண்பத்தைந்து ஆவணியில் எங்கள் பக்கம் ஒரு சுற்றிவளைப்பு. பள்ளிக்கூட மைதானத்தில் ஆமிக்காரர் எங்களை வரிசையாக நடத்தினார்கள். ஜீப்பில் ஒரு தலையாட்டி இருந்தான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையாட்டினால் அந்த ஆளைப் பிடிப்பார்கள். நான் கடந்தபோது சாக்கு அசையவில்லை. பின்னால் தம்பி வந்தான். சாக்கு ஆடியது. ஒரே ஒருமுறை, மெதுவாக, இடப்பக்கம் சரிந்து. தம்பியை ட்ரக்கில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

வலன்ரைனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார். யார்தான் ஓம் என்று சொல்வார்கள்? தகரத்தை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன். அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

வாளியில் அது புளிக்கத் தொடங்கியதும் வேலையால் வந்து சப்பாத்தும் கழற்றாமல் அதில் காதை வைத்துக் கேட்பார். “கதைக்குது அண்ணை” என்பார். வெறும் போத்தல்களை மூலைக்கடை டெப்பனரில் திருப்பிக் கொடுக்காமல் சேர்த்து வைத்திருந்தோம். அவர் கழுவினார். சீனி போட்டது நான். மூடி அடிக்கும் கருவியை இரவல் தந்த இத்தாலியர், சீனி கூடினால் என்ன நடக்கும் என்று வாயால் வெடிச்சத்தம் போட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வலன்ரைன் விழுந்து விழுந்து சிரித்தார்.

எல்லாப் போத்தலுக்கும் அளவாகப் போட்டேன். கடைசிப் போத்தலுக்கு அளவு பார்க்கவில்லை. இல்லை, அது பொய். பார்த்துத்தான் போட்டேன். மற்றவற்றைக் கீழே குளிரில் அடுக்கினோம். அதை மட்டும் துவாயில் சுற்றி ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தேன். “இது உமக்கெண்டு விசேஷமா” என்றேன். அவருக்குச் சந்தோசம், புளுகம் தாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, நல்ல வெயில். போத்தலை அவர் கையில் கொடுத்தேன்.

“யன்னலடியில பிடிச்சுப் பாரும், மண்டி இறங்கிட்டுதோ எண்டு.”

“தெரியேல்லை அண்ணை.”

“கண்ணுக்குக் கிட்டப் பிடியும். ஒருக்காக் குலுக்கியும் பாரும்.”

நான் குசினிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். இப்போது நீங்கள் இருக்கிற கதிரைக்குப் பின்னால்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ் வந்து கேட்டது. கட்டுப் போட்ட முகத்தோடு அவர்தான் எனக்காகக் கதைத்தார். “முதல் முறைதானே, சீனி கூடிப்போச்சு. அண்ணையில பிழையில்லை.” அன்றிலிருந்து அவருக்குச் சவரம் செய்வது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குக் கைபிடித்துக் கூட்டிப் போவது, சைவக்காரனான நான். உங்கள் கடிதங்களை வாசித்துக் காட்டியதும் நான்தான், நீங்கள் அவருக்கு மட்டும் எழுதிய இடங்களைத் தாண்டித் தாண்டி. இதற்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டாம். நேற்று விமான நிலையத்தில் சொன்னீர்களே, அது போதும்.

இன்று மத்தியானம் அவருக்குச் சோறு குழைத்துக் கொடுத்துக்கொண்டு பகிடியாகச் சொன்னீர்கள்: “கண் போயும் வாய் குறையேல்லை. அண்டைக்கும் இப்பிடித்தான் அண்ணை. எண்பத்தைஞ்சு ஆவணியில மடுத் திருநாளுக்குப் போன இடத்தில இவருக்கு மலேரியா. மாதம் முழுக்க மரத்துக்குக் கீழ பாயில கிடத்தி நான்தான் கஞ்சி பருக்கினனான். அப்பவும் வாய் ஓயேல்லை.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

றோஸ்மேரி, மனிதருக்கு வருடங்கள் மாறிப்போகும். அது எண்பத்து நாலாக இருக்கலாம். மலேரியா ஒரு கிழமையில் சுகமாகி, அவர் வேறெங்காவது போய் வந்திருக்கலாம். காய்ச்சல்காரனுக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் அயர்ந்து போவார்கள். நன்றாக யோசித்துப் பாருங்கள். நான் அவசரப்படுத்தவில்லை. அந்த ஆவணி முழுக்க அவர் உங்களோடு இருக்கவில்லை, அப்படித்தானே?

அழாதீர்கள். அவர் எழும்பிவிடுவார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவும் வேண்டாம், தங்கச்சி.

தலையை ஆட்டினால் போதும்.