நீல மை

மார்ச் மாதம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. எங்கள் வட டகோட்டாவில் பனி உருகி ஊரே சேறாகும் மாதம் அது. ஆறு மாதத்துக்கு மேல் மனுக்களைக் கிடப்பில் போட்ட நீதிபதிகளின் பட்டியலை வாஷிங்டன் வெளியிடுவதும் அதன் கடைசி நாள் கணக்கை வைத்துத்தான். பிறகு செப்டம்பரில் மறுபடியும். இருபத்தாறு ஆண்டுகளில் என் பெயர் அதில் ஒருமுறைகூட வந்ததில்லை. என்னை விசாரிக்கும் குழுவினர் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

தபால் நிலையத்துக்குத் தீ வைத்து ஓர் ஊழியரைக் கொன்றதாக ஆர்லின் ஸ்டென்ஸ்ருட்டை முப்பது ஆண்டு சிறைக்கு அனுப்பியவன் நான்தான். பெடரல் நீதிமன்றத்தில் தண்டனையை ரத்து செய்யக் கோரும் மனு, தண்டித்த நீதிபதியிடமே வரும். பதினோராம் ஆண்டு அது வந்தது. அவனைப் பார்த்ததாகச் சொன்ன ஒரே சாட்சி, தான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்திருந்தான். மனுவைப் போட்ட வழக்கறிஞர் லோர்னா பிக்கெட், மேல்நீதிமன்றத்தில் இரண்டு முறை என் தீர்ப்பைக் கவிழ்த்து என் மூக்கை உடைத்தவள். அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"இவரு நிரபராதி, ஜட்ஜ். படிச்சுப் பாருங்க," என்றாள் என் சட்ட உதவியாளர் மேரன்.

படித்திருந்தேன். அவள் சொன்னது சரிதான்.

"கையெழுத்து நீல மையில இருக்கு மேரன். கறுப்புலதான் இருக்கணும். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பு."

"அவருக்கு ஈரல்ல புற்றுநோயாம்."

"அப்போ சீக்கிரமாத் திருத்தி அனுப்புவாரு."

திரும்பி வந்தால் அது புது மனு. ஆறு மாதமும் புதிதாகத் தொடங்கும், பட்டியலில் என் பெயர் வராது. "இது கறுப்பு மைதான், வேணும்னா உங்க ஜட்ஜை நக்கிப் பாக்கச் சொல்லு," என்று பிக்கெட் மேரனிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். செப்டம்பரில் பக்க ஓர இடைவெளி போதவில்லை. அடுத்த மார்ச்சில் ஓர் இணைப்பில் பக்க எண் இல்லை. இப்படி ஐந்து முறை. மூன்றாவதோடு மேரன் வேலையை விட்டுவிட்டாள். கெட்டிக்காரப் பெண், பொறுமைதான் கிடையாது.

ஐந்தாம் முறை திருப்பியனுப்பிய மூன்றாம் வாரம் ஸ்டென்ஸ்ருட் சிறை மருத்துவமனையில் இறந்தான். பிக்கெட் என்னை நீதிமன்றத் தாழ்வாரத்தில் மறித்தாள்.

"ஒரே ஒரு தடவை 'தள்ளுபடி'ன்னு எழுதியிருந்தாப் போதுமே, ஜட்ஜ். மறுநாளே மேல்கோர்ட்டுக்குப் போயிருப்பேன். மனுஷன் வீட்டுல செத்திருப்பாரு."

அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதவில்லை. மூன்றாம் முறையும் மூக்குடைபட நான் தயாராக இல்லை. அவன் அதிக நாள் தாங்கமாட்டான் என்பதும் மனுவோடு வந்த மருத்துவச் சான்றிலேயே இருந்தது.

அவனுக்கு அநீதி இழைத்தேனா என்று கேட்கிறீர்கள். கோப்பைப் புரட்டிப் பாருங்கள். ஐந்து உத்தரவிலும் அவனுக்கு எதிராக ஒரு வரிகூட நான் எழுதவில்லை.