கொட்டகைக் கதவில் இருந்த நீல எண்கள்

பெயர் வோல்க்மார் ஹெசல்பார்ட். வயது 77. பிறந்த ஊர் ஊல்ம், தற்போது வசிப்பது மியூனிக். தீக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இயக்குநர் குழுவிலிருந்து 2007-இல் ஓய்வு பெற்றவன். காலஞ்சென்ற விவசாயி அலோய்ஸ் ரேட்லர் மீது 1971-இல் நடந்த தீவைப்பு வழக்கை மறுபடி விசாரிக்கக் கோரி அவர் மகள் கொடுத்துள்ள மனு தொடர்பாக, யாரும் அழைக்காமல் நானாக வந்து சொல்வதாவது:

பத்தொன்பது வயதில் அந்த நிறுவனத்தில் பயிற்சி எழுத்தராகச் சேர்ந்து, இருபத்தைந்தில் சேத மதிப்பீட்டாளர் ஆனேன். எரிந்த இடத்தைப் பார்த்து எப்படி எரிந்தது என்று சொல்வது என் வேலை. அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

1971 ஜூன் 21, திங்கட்கிழமை, ஆல்காய் பகுதியில் ரேட்லரின் புல் கொட்டகை எரிந்தது. மறுநாள் நான் போனேன். சரியாகக் காயாத புல்லை அடைத்து வைத்தால் அது உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும் என்பதால், குவியலுக்குள் நீளக் கம்பியைக் குத்தித் தினமும் வெப்பத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. ரேட்லரின் மனைவி கிரெசென்ஸ் சமையலறை அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். இருபது நாள் எண்களும் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தன. யார் எழுதியது என்று கேட்டேன்.

"எழுதுனது அவ, அளந்தது நான்" என்றார் ரேட்லர்.

எப்போது எழுதியது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து விவசாயிகள் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், தீ வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதிய பொய் நோட்டு என்று முடிவு கட்டினேன். அதன் பிறகு ஊர் விடுதியிலிருந்து மேலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பலே கில்லாடிய்யா நீ! ஒன்னை இனிமே சேத்துல அலைய விடமாட்டேன், மியூனிக்குக்கு வந்துடு" என்றார்.

அதன் பிறகு படம் எடுக்க மறுபடி பண்ணைக்குப் போனேன். தீயணைத்த தண்ணீரில் முற்றம் சேறாகிக் கிடந்தது. கழற்றிப் போட்ட கொட்டகைக் கதவை யாரோ சேற்றின் மேல் கிடத்தியிருந்தார்கள். காலணி அழுக்காகக் கூடாது என்று அதன் மேல் நடந்தேன். பாதி வழியில் குனிந்து பார்த்தேன். மாட்டுக்குக் குறி போடும் நீல மெழுகுக் கட்டியால் வரிசையாக எண்கள். நோட்டில் இருந்த அதே எண்கள். மேலாளரைத் திரும்ப அழைத்து, நான் கில்லாடி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவைத் தவிர எல்லாவற்றையும் படம் எடுத்தேன்.

அதன் பிறகு வழக்கு நடந்தது. ரேட்லரைக் கேட்டபோது, "அன்னன்னைக்குக் கதவுல எழுதிடுவேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து அவ நோட்டுல ஏத்துவா. இந்தத் தடவை வேலை மும்முரத்துல ரெண்டு ஞாயிறு விட்டுப்போச்சு, மூணாவது ஞாயிறு மொத்தமா எழுதுனா" என்றார். கதவு அதற்குள் குப்பையோடு போய்விட்டது. மனைவி சொன்னதை யாரும் நம்பவில்லை. நீதிபதி என்னைக் கேட்டார். வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்து, அப்படி ஒரு கதவைப் பார்க்கவில்லை என்றேன். ரேட்லருக்கு மூன்று ஆண்டுச் சிறை. பண்ணை ஏலத்தில் போனது.

அதன் பிறகு நான் முப்பத்து நான்கு வயதில் பிரிவுத் தலைவரானேன், ஐம்பத்தொன்றில் இயக்குநர் குழுவுக்கு வந்தேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு 'ஒரே மை நோட்டு' என்று ஒரு பாடத்தை இருபத்தாறு ஆண்டுகள் நானே நடத்தினேன். ரேட்லரைப் போலப் பேசிக் காட்டுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று ரேட்லரின் மகள் வால்புர்கா என் வீட்டுக்கு வந்து ஒரு புகைப்படத்தை மேசை மேல் வைத்தார். அதில் அவர் ஒன்பது வயதில், தேவாலயத்தின் நற்கருணைப் பவனிக்கு வெள்ளை உடையும் தலையில் பூ வளையமுமாகக் கொட்டகைக் கதவின் முன் நிற்கிறார்.

"பின்னால இருக்கிற எண்ணைப் பாருங்க சார். தீப்பிடிக்கிறதுக்குப் பதினோரு நாள் முன்னாடி எடுத்தது. என் ஞானத்தாய் செத்தப்புறம் அவங்க பெட்டியில கெடைச்சுது. இந்தக் கதவை நீங்க பாத்தீங்களா?"

"வயசாயிடுச்சும்மா. ஞாபகம் இல்ல" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அப்பா ஜெயில்லேருந்து வந்து அடுத்தவங்க பண்ணையில கூலிக்கு இருந்தாரு. அங்கயும் தெனம் புல்லுக்குள்ள கைய விட்டுப் பாப்பாரு. 'அந்த ஆளு கதவு மேல நடந்தான், குனிஞ்சு படிச்சான், நான் சன்னல்லேருந்து பாத்தேன்'னு சாகுற வரைக்கும் சொன்னாரு. கோர்ட்டுல ஏன்ப்பா சொல்லலைன்னா, 'என்னை யாரும் அதைக் கேக்கலையே'ம்பாரு."

அவர் விட்டுப்போன படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை ரயிலேறி இங்கே வந்தேன்.

மேற்கண்டதை எழுதிக்கொண்ட அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரே ஒரு திருத்தம் கேட்டேன். என் வயதை உத்தேசித்தோ என்னவோ, அவர் முதலில் 'கதவில் இருந்த எண்களை அப்போது சரியாகக் கவனிக்கவில்லை' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, 'குனிந்து பார்த்தேன், அதே எண்கள்' என்று எழுதச் சொன்னேன். இப்போது உள்ளபடி எல்லாம் சரி. இதைச் சொல்லும்படி என்னை யாரும் கேட்கவில்லை.

(ஒப்பம்) வோ. ஹெசல்பார்ட்