மதுமதிக்கு ஒதுக்கிய தட்டு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பாதி இடம் எப்போதும் காலியாகத்தான் கிடக்கும், மேடம். ஒற்றை ஆளுக்கு அரை லிட்டர் பாலும் ஒரு கிண்ணம் தோசை மாவும் போக வேறென்ன வைக்க? அந்தக் காலி இடத்துக்காகத்தான் மதுமதி என் வீடு தேடி வந்தாள். எதிர்வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷத்தில் அவள் என் வாசல்படி மிதித்தது மூன்று தடவை. மூன்றும் கொலுவுக்கு.

டவுணில் எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அது கொதிக்கும் முன்பே எனக்குத் தெரியும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோமதிசங்கருக்குக் கங்கைகொண்டானில் கம்பெனி வேலை. பெண்டாட்டி மதுமதி முக்கூடல்காரி, வயது முப்பத்தெட்டு, பிள்ளை இல்லை. அவன் அம்மா ராஜராஜேஸ்வரி பல் தேய்க்கும்போதே அந்தப் பேச்சை ஆரம்பித்துவிடுவாள். இத்தனையும் தெரிந்த எனக்கு, புருஷனும் பெண்டாட்டியும் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆறு மாதமாக நடையாய் நடந்தது மட்டும் தெரியாமல் போயிற்று. அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

"சித்தி, இது ஊசி மருந்து. குளிர்ச்சியில வைக்கணும். எங்க வீட்டு ஃப்ரிட்ஜை அத்தை நாளைக்குப் பத்து தடவை திறக்காவ. இப்படி ஒரு வைத்தியம் நடக்குன்னு தெரிஞ்சா, யார் பிள்ளையை யார் வயித்துல வச்சீங்கன்னு வீட்டை ரெண்டாக்கிருவாவ. ஒருத்தர்ட்டயும் சொல்லிராதீங்க."

கோயில் திருநீற்றை என் கையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். நானும் செய்தேன். அவள் படியிறங்கும்போது புருஷனோடு போனில் பேசியதும் என் காதில் விழுந்தது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"வேற வழியில்லங்க. அந்தம்மா வாயில விழுந்தா நாலு ரதவீதிக்கும் தம்பட்டம்தான். என்ன செய்ய, தனியாக் கிடக்குது, ஃப்ரிட்ஜும் காலியாக் கிடக்குது."

என்னையும் ஃப்ரிட்ஜையும் ஒரே மூச்சில் சொன்னாள். நான் கோபப்படவில்லை. போய்ப் பாலைக் காய்ச்சினேன்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வருவாள். அடிவயிற்றில் தானே குத்திக்கொள்கிற ஊசி அது, பேனா மாதிரி இருக்கும். அவள் குத்திக்கொள்ளும்போது நான் தோளைப் பிடித்துக்கொள்வேன். அந்த வைத்தியம் இப்போது எனக்குப் பாராமல் ஒப்பிக்க வரும், மேடம். வீட்டுக்குத் தூரமான இரண்டாம் நாள் ஸ்கேன். அன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி. ஒன்றுவிட்டு ஒருநாள் மறுபடி ஸ்கேன் பார்த்து முட்டை எத்தனை, எவ்வளவு பெரிசு என்று எண்ணுவார்கள். முட்டை என்ற பேச்சையே எடுக்காத சைவக் குடும்பம், பாருங்கள். நன்றாக வளர்ந்தால் மயக்கம் கொடுத்து அவற்றை வெளியே எடுத்து, புருஷனுடையதோடு சேர்த்து, ஐந்து நாள் கண்ணாடித் தட்டில் வளர்த்து, கர்ப்பப்பையில் கொண்டுபோய் வைப்பார்கள். பிறகு பதினாலு நாள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியது. அதற்கப்புறம் ரத்தப் பரிசோதனை.

அந்தப் பதினாலு நாளுக்கு மதுமதி போனதே இல்லை.

மருந்தை எப்படிப் பாதுகாப்பது என்று நர்ஸ் சொன்னதை அவளேதான் எனக்குச் சொன்னாள். "கீழ்த்தட்டுல வைங்க சித்தி. மேல ஐஸ் பெட்டில மட்டும் வச்சிராதீங்க. உறைஞ்சா மருந்து கெட்டுப்போகுமாம். பிறகு உருகினா, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதாம்." அவள் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? நான் எட்டாம் வகுப்பு.

காலையில் மேலே வைப்பேன். மூன்று மணிக்கு எடுத்துக் கீழ்த்தட்டில் வைப்பேன். ஆறு மணிக்கு அவள் வரும்போது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். அதற்கென்று அந்தத் தட்டைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தேன், பால் பாக்கெட்டைக்கூட அங்கே விட்டதில்லை.

முதல் தடவை முட்டை வளரவில்லை. இரண்டாம் தடவை டாக்டர் அளவைக் கூட்டிக் கொடுத்தார். அப்போதும் இல்லை. மருந்துக்கு உடம்பு ஒத்துவரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கேதான் வந்தாள். என் மடியில் தலையை வைத்து, சத்தம் எதிர்வீட்டுக்குப் போய்விடக்கூடாது என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். "என் உடம்புதான் சரியில்ல சித்தி." நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். சுக்குக் கசாயம் போட்டுக் கொடுத்தேன். அந்த வீட்டில் அவளுக்கு யார் செய்வார்கள்? பிள்ளை என்று ஒன்று வந்திருந்தால் ஆறு மணிக்கு இங்கே வருவாளா? மறுபடி கொலுவுக்குத்தான் வருவாள்.

மூன்றாவது தடவை, சொந்த முட்டைக்கு இதுதான் கடைசி என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கோமதிசங்கர் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டிருந்தான். அப்போதுகூட நான் எதையும் மாற்றவில்லை. இரண்டு தடவை செய்துவிட்டு மூன்றாவது தடவை நிறுத்தினால், முதல் இரண்டும் எதற்கு என்று ஆகிவிடுமல்லவா?

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஸ்கேன் முடிந்து நேரே வந்துவிட்டாள். ஊசி குத்திக் குத்தி வயிறு நீலம் பாய்ந்திருந்தது, ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்களாம். நான் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். அவளே போய் மேல் பெட்டியைத் திறந்தாள்.

"சித்தி, இது ஏன் இங்கன இருக்கு?"

"குளிர்ச்சியா இருக்கட்டும்னு வச்சேன்."

பேனாவைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

"மூணு தடவையுமா?"

"ஆமா," என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

பிறகு அவள் போட்ட கூச்சலில்தான் தெருவே கூடியது. ராஜராஜேஸ்வரி பாதி சாப்பாட்டில் எச்சில் கையோடு ஓடிவந்தாள். மருந்து, ஆஸ்பத்திரி, முட்டை எல்லாம் அங்கேயே வெளிவந்தது. வெளியிட்டது மதுமதி, நான் இல்லை.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று தடவையும் தெரிந்தே, என் கையால்தான் மேலே வைத்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குக் கீழே இதையும் எழுத வேண்டும், மேடம். இந்தப் பதினான்கு மாதத்தில் அவள் ரகசியத்தை நான் ஒரு ஜீவனிடம் சொன்னதில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு மதுமதியிடமும் போய்ச் சொல்லுங்கள், என் வாயைப் பற்றி அவள் சொன்னது தப்பு என்று.